லாலான் மருந்தும் தோட்டத்து மண்ணும்

மலாயாத் தோட்டத் தமிழரின் வரலாற்றை நாம் பெரும்பாலும் கப்பலில் தொடங்கிக் கூலியில் முடித்துவிடுகின்றோம். அவர்கள் மிதித்த மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு.

யோங் பெங் வட்டாரத்தைப் போன்ற ரப்பர்ப் பகுதிகளில் லாலான் புல் தீராப் பகை; வெட்டினாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அதனை அழிக்க மலாயாத் தோட்டங்களில் சோடியம் ஆர்சனைட் கரைசல் பரவலாகத் தெளிக்கப்பட்டது. 1960களில் பாராகுவாட் வந்த பின்னரே அதன் வழக்கு அருகியது. (பாராகுவாட்டும் நஞ்சே, மலேசியா அதனை 2020இல் தடை செய்தது.) தோட்ட வழக்கில் இவையெல்லாம் 'மருந்து'!

புல் மடிந்தது, ஆர்சனிக் மடியவில்லை. தனிமமாதலின் அது சிதைவதில்லை, இடம் மட்டுமே பெயரும். செம்மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடுகள் அதனைப் பற்றிக்கொள்வதால் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கும். எனினும் அப்பிடி தளரக்கூடியது. பாஸ்பேட் உரமிட்டால், வேதியியலில் ஆர்சனேட்டை ஒத்த பாஸ்பேட் அதன் இடத்தைப் பிடித்து அதனை வெளியே தள்ளும். வெள்ளம் பல நாள் தேங்கினாலோ, மண்ணில் உயிர்வளி அற்றுப்போகும். நுண்ணுயிர்கள் இரும்பைக் கரைநிலைக்கு மாற்ற, அதனைப் பற்றியிருந்த ஆர்சனிக்கும் நீரில் இறங்கும். யோங் பெங் அடங்கிய பத்து பகாட் மாவட்டம் 2006 இறுதியிலும் 2023 மார்ச்சிலும் பெருவெள்ளம் கண்டது.

தெளித்த பரப்பைவிட, மருந்தைக் கலக்கிச் சிந்திய இடத்திலேயே நஞ்சு செறியும். பழந்தோட்ட நிலம் பலவிடங்களில் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டது. ஆதலின் மண் மாதிரி எடுக்கச் செல்லும் மாணவர், மருந்துக் கொட்டகை எங்கிருந்தது என்று அங்கு உழைத்த முதியோரிடம் முதலில் கேட்டறிதல் வேண்டும்.