கூரையா, தரையா?

வைகை பிறக்கிற வருசநாட்டுல, அம்மா பிறந்த ஊர்ல, ஒரு மாசம் வேன்லயே தங்கலாம்னு பிளான். அம்மாவோட இன்சுலினுக்குக் குட்டி ஃபிரிட்ஜ், அதுக்கு சோலார். பேனலைக் கூரையில் பதிக்கிறதா, தரையில் விரிக்கிறதா? பொட்டி தட்டுற எனக்கு ஒரு வாரமா இதே மண்டையிடி.

சரித்திரத்தைப் புரட்டினா, நம்ம செயற்கைக்கோள்கள்லயே ரெண்டு வழியும் இருக்கு.

1975 ஏப்ரல் 19-ல் போன ஆர்யபட்டாவுக்கு 26 முகம். சோலார் செல்களை உடம்போடவே ஒட்டிட்டாங்க. எப்படிச் சுழன்றாலும் சில செல்களுக்கு வெயில் கிடைக்கும். ஆனா மறுபாதி இருட்டுலதான்.

1981 ஜூன் 19-ல் போன ஆப்பிள் (மாட்டுவண்டியில் உட்கார்ந்திருக்குமே, அதேதான்) மேலே போய் ரெண்டு பேனலை விரிக்கணும். ஒண்ணு விரியவே இல்லை! மிச்சம் ஒண்ணை வச்சே ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டினாங்க.

வேனுக்கும் இதே கணக்குதான். கூரை பேனல் வண்டி ஓடும்போதும் சார்ஜ் ஏத்தும், சுலபத்துல திருடு போகாது. ஆனா வெயிலுக்குப் பயந்து புளியமரத்தடியில் நிறுத்தினா தண்டம். தரை பேனலை வயர் இழுத்து வெயில்ல வைக்கலாம், சூரியன் பக்கம் சாய்க்கலாம். விரிக்க மறந்தா அன்னைக்கு ஃபிரிட்ஜ் கோவிந்தா.

ஆப்பிள் பொழைச்சதே ரெண்டாவது ஒண்ணு இருந்ததாலதான். அதனால கூரைக்கு ஒண்ணு, தரைக்கு ஒண்ணு. செலவு கூடத்தான், இன்சுலின் கெட்டுப்போறதுக்கு இது தேவலை. என்ன சொல்றீங்க மக்களே?