கேள்வி கேட்காமல் சாவி கொடுத்த முகவரி

2006 ஆகஸ்ட். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ் பிங்க்ஹாமின் குழு உருவாக்கிய ஈசி2 சேவையை அமேசான் வெளியிட்டது. சர்வர்கள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைத்தன. ஒரே அச்சிலிருந்து ஆயிரம் சர்வர்களை வார்க்க முடிந்தது. வினையும் அதில்தான் இருந்தது. கண்விழித்த சர்வருக்குத் தன் பெயரும் தெரியாது, இருக்குமிடமும் தெரியாது. அது யாரிடம் போய்க் கேட்கும்?

விடை ஒரு புறம்போக்கில் கிடைத்தது. முகவரி கிடைக்காத கணினிகள் ஒண்டிக்கொள்ள ஒதுக்கப்பட்டவை 169.254 என்று தொடங்கும் முகவரிகள். அங்கே போகும் தகவலை எந்த ரவுட்டரும் வெளியே அனுப்பக் கூடாது என்று 2005-இல் விதி வகுத்திருந்தார்கள். அங்கே 169.254.169.254-இல் அமேசான் ஒரு சேவையை நிறுத்தியது. சர்வருக்குள்ளிருந்து விசாரித்தால் அதைப் பற்றிய விவரங்கள் (மெட்டாடேட்டா) எல்லாம் வந்தன. கடவுச்சொல் கேட்கவில்லை. உள்ளே இருப்பவர்தானே விசாரிக்கப் போகிறார்!

ஈசி2 வந்த அதே 2006-இல், அமேசான் சேவைகளைப் பைத்தான் நிரல்களிலிருந்து அழைக்க மிட்ச் கார்னாட் 'போட்டோ' நூலகத்தைத் தொடங்கினார். அமேசான் ஆற்று டால்பினின் பெயர் அது. பின்னாளில் அதன் ஒரே ஃபங்ஷன் மெட்டாடேட்டா முழுவதையும் டிக்‌ஷனரியாக அள்ளித் தந்தது. அமேசானின் எஸ்3 சேமிப்புக் கிடங்கைத் திறக்கும் ரகசியச் சாவி மட்டும் அதில் இல்லை. பலர் அதை நிரலிலேயே எழுதிவைத்தனர். நிரல் வெளியே போனபோது சாவியும் கூடவே போனது.

2012 ஜூனில், சர்வருக்கே அனுமதி வழங்கும் ஐஏஎம் ரோல் வந்தது. சில மணி நேரமே செல்லும் தற்காலிகச் சாவி, அதே முகவரி வழியே வந்து, தானாகப் புதுப்பித்துக்கொண்டது. அருமையான ஏற்பாடுதான். கூகுளோ பின்னர் தன் கிளவுடில், தனி ஹெடர் இல்லாத கேள்விக்குப் பதில் தர மறுத்தது. அமேசான் வெறும் கேள்விக்கே சாவியை நீட்டியது.

2019 மார்ச்சில் அது வினையாயிற்று. அமேசான் கிளவுடில் இயங்கிய கேப்பிடல் ஒன் வங்கியின் ஃபயர்வால் தவறாக அமைக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்த ஒருவர், அமேசானின் முன்னாள் ஊழியர், தன் கேள்வியை அந்த ஃபயர்வாலையே கேட்க வைத்தார். ஃபயர்வால் உள்ளே இருந்ததால் முகவரி நம்பிச் சாவியைக் கொடுத்தது. அமெரிக்கர் சுமார் 10 கோடிப் பேர், கனடியர் 60 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. ஜூலையில் முன்பின் தெரியாத ஒருவர் மின்னஞ்சல் அனுப்பும்வரை வங்கிக்கு எதுவும் தெரியாது!

நவம்பரில் அமேசான் புதிய பூட்டைப் போட்டது. முதலில் 'புட்' கோரிக்கை அனுப்பி, அதிகபட்சம் 6 மணி நேரம் செல்லும் டோக்கனைப் பெற வேண்டும். அதைக் காட்டினால்தான் பதில். ஏமாந்த ஃபயர்வால்கள் பெரும்பாலும் 'புட்' கோரிக்கையைக் கடத்தாது என்பது கணக்கு. பழைய வழியையும் உடனே மூடிவிடவில்லை.

பைத்தானில் போட்டோவின் பிந்தைய வடிவமான போட்டோ3-ஐ அழைத்து எஸ்3-ஐத் திறக்கும் அந்த ஒற்றை வரியில் சாவியே இல்லாதிருப்பது இப்படித்தான் வந்தது. நூலகம் சூழல் மாறிகளில் தேடும், கோப்புகளில் துழாவும். எங்கும் கிடைக்காதபோது, கடைசியாக 169.254.169.254-இன் கதவைத் தட்டும்.