நூறில் ஒரு பங்கு

கண்ணிமைக்கும் நேரம் என்கிறோமே, அதுகூட ரொம்ப அதிகம். அதைப் பத்தாகப் பிளந்து, அதில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டு நேரத்தில்தான் சூரினாம் என்கிற குட்டி நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் மெடல் கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவர், ஆன்டனி நெஸ்டி.

தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது சூரினாம். டச்சுக்காரர்களிடமிருந்து அதற்குச் சுதந்திரம் கிடைத்தது 1975 நவம்பர் 25. அன்றைக்கு நெஸ்டிக்கு எட்டாவது பிறந்தநாள்! பிறந்தது டிரினிடாடில். கைக்குழந்தையாக சூரினாமுக்கு வந்தவர். ஒலிம்பிக் அளவில், 50 மீட்டர் நீளத்தில் ஒரு நீச்சல் குளம் வேண்டுமென்றால், அப்போது நாடு முழுக்கத் தேடினாலும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நெஸ்டி பிடித்துக்கொண்டது பட்டர்ஃபிளை. இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் தண்ணீருக்கு மேலே வீசி, கால்களைச் சேர்த்து மீன் வாலைப்போல அடித்துப் போகவேண்டும். உயிரை எடுக்கிற நீச்சல். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் பதினாறு வயதுப் பையன் நெஸ்டிக்கு 100 மீட்டரில் கிடைத்த இடம், 21. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபுளோரிடாவில் போல்ஸ் பள்ளியில் படித்தபடி, கிரெக் ட்ராய் என்ற கோச்சிடம் பழகினார். 1987 பான் அமெரிக்கன் போட்டியில் தங்கம் வந்தது.

அதே 1987-ல் அமெரிக்காவில் ஒரு கூத்து. பேஸ்பால் அணி ஒன்றின் பெரிய நிர்வாகி அல் கம்பானிஸ், டி.வி. பேட்டியில் வாயைவிட்டார். கறுப்பர்கள் நல்ல நீச்சல்காரர்களாக வராததற்குக் காரணம், அவர்கள் உடம்புக்கு மிதக்கிற தன்மை கிடையாதாம். அதாவது, கடப்பாரை நீச்சல்தான் வருமாம்! ஓரிரு நாளில் அவர் வேலை போனது. ஆனால், பேச்சு போகுமா? நிஜக் காரணம் வேறு. அங்கே பல ஊர்களில் பொதுக் குளங்களில் கறுப்பர்களைப் பல காலம் இறங்கவே விடவில்லை. கோர்ட் 'விடு' என்று சொன்னதும், குளத்தையே இழுத்து மூடிய ஊர்களும் உண்டு. இறங்கவிடாமலே, 'இவனுக்கு நீந்த வராது' என்றால் எப்படி?

பதில் 1988 செப்டம்பரில், சியோல் ஒலிம்பிக்கில் வந்தது. 100 மீட்டர் பட்டர்ஃபிளை ஃபைனல். எல்லோர் கண்ணும் அமெரிக்காவின் மாட் பியோண்டி மீது. அந்த ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் அள்ளிய ஆள். இந்த ரேஸிலும் அவர்தான் முன்னால் போனார். கடைசியில் சுவர் பக்கத்தில் வந்ததும் ஒரு சிக்கல். இன்னொரு முறை கை வீசினால் அதிகம், வீசாவிட்டால் இடைவெளி. பியோண்டி கையை நீட்டியபடி மிதந்துபோனார். பக்கத்தில் நெஸ்டி, வீச்சின் வேகம் குறையாமல் சுவரைத் தொட்டார்.

நெஸ்டி 53.00 விநாடி. பியோண்டி 53.01!

ஒலிம்பிக் நீச்சலில் தனிநபர் தங்கம் ஜெயித்த முதல் கறுப்பின வீரர் அவர்தான். சூரினாம் தலைகால் புரியாமல் ஆடியது. ஸ்டாம்ப், நாணயம், பாராமரிபோ நகரில் அவர் பெயரில் விளையாட்டு அரங்கம்... எல்லாம் வந்தன.

'ஏதோ அதிர்ஷ்டம், நூறில் ஒரு பங்குதானே' என்றார்களா? 1991-ல் பெர்த் நகரில் உலக சாம்பியன் ஆனார். 1992 பார்சிலோனாவில் வெண்கலம். 2024 பாரீஸ் வரை சூரினாம் வாங்கிய ஒலிம்பிக் மெடல்கள் மொத்தமே இரண்டு. இரண்டும் நெஸ்டியுடையவை.

அப்புறம் அவர் கோச் ஆனார். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பல வருடம் உதவி கோச். 2018-ல் ஆண்கள் அணிக்குத் தலைமை கோச். கேட்டி லெடெக்கி மாதிரியான ஜாம்பவான்களே அவரைத் தேடி வந்தார்கள். 2024 பாரீஸ் ஒலிம்பிக்குக்கு அமெரிக்க ஆண்கள் நீச்சல் அணியின் தலைமை கோச்சாக நெஸ்டியைப் போட்டார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பின கோச்.

கறுப்பர்களுக்கு மிதக்கவே வராது என்று டி.வி.யில் சொன்னார்கள் அல்லவா? அதே நாட்டில், மிதக்கிறவர்களுக்கெல்லாம் 2024-ல் வாத்தியார் ஆனவர் ஒரு கறுப்பர்!