ஒரு வருட ராஜா: சென்னை சிட்டி எஃப்.சி.யின் கதை

2019 மார்ச் 9, சனிக்கிழமை. ஐ-லீக் கடைசி நாள். கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி, மினர்வா பஞ்சாபோடு ஆடுகிறது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவோடு. இரண்டு அணிகளுக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். ஆட்டம் தொடங்கி மூணாவது நிமிஷமே மினர்வா கோல் போட்டுவிட்டது. தமிழ்நாட்டுக்காரன் எவனும் அன்றைக்கு நகத்தை மிச்சம் வைத்திருக்க மாட்டான்!

அதற்குள் போகும் முன் கொஞ்சம் பின்னால் போகலாம்.

தமிழ்நாடு என்றால் கிரிக்கெட் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது வழக்கம். இங்கே அந்தமானிலும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஹேடோ பக்கம் சாயங்காலம் மைதானத்தில் பந்து உதைக்கும் பசங்களுக்கு (அதிலும் நிக்கோபார் பையன்களுக்கு கால்பந்து என்றால் உயிர்) ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் தெரியும். "உங்க ஊர்ல டீம் இருக்கா?" என்று கேட்டால் நம்மவர்கள் முழிப்பார்கள். இருந்தது ஐயா, இந்தியாவின் சாம்பியனாகவே இருந்தது.

நம் ஊரிலிருந்து இந்தியன் பாங்க் அணி 1990-களின் கடைசியில் தேசிய லீகில் ஆடியது. அது கீழே இறங்கிய பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அந்த லீகில் தமிழ்நாட்டுப் பெயரே இல்லை. 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது, சென்னையின் எஃப்.சி. வந்தது, அபிஷேக் பச்சனும் தோனியும் முதலாளிகளாக வந்தார்கள். நல்ல அணிதான், 2015-லும் 2017-18-லும் கோப்பையும் வென்றது. ஆனால் உள்ளூர்ப் பசங்களுக்கு அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

2016-ல் சில கோவா கிளப்புகள் ஐ-லீகை விட்டு விலகின. காலி இடத்தை நிரப்ப கால்பந்து சம்மேளனம் நேரடி நுழைவு கொடுத்தது. அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவை இரண்டு அணிகள்: மினர்வா பஞ்சாப், சென்னை சிட்டி. சென்னை சிட்டியின் உரிமையாளர் ரோஹித் ரமேஷ். 2017 ஜனவரியில் முதல் ஆட்டம், அதுவும் மினர்வாவோடுதான், கோல் இல்லாமல் முடிந்தது. சீசன் நடுவில் பயிற்சியாளர் ராபின் சார்லஸ் ராஜா போய் சௌந்தரராஜன் வந்தார். பத்து அணிகளில் எட்டாவது இடம்.

அடுத்த சீசனுக்கு கோவைக்கு ஜாகை மாற்றினார்கள். சென்னையில் நேரு ஸ்டேடியம் ஏற்கெனவே சென்னையின் அணியின் கோட்டை. இரண்டாவது அணிக்கு அங்கே கூட்டம் சேர்ப்பது கஷ்டம். என்னைக் கேட்டால் இந்தக் கிளப் எடுத்த மிகச் சரியான முடிவு இதுதான். பெயரில் சென்னை, ஆடுவது கோவையில் என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு. 2018 ஜனவரி 2-ல் கொல்கத்தாவுக்கே போய் மோகன் பகானை 2-1 என்று வென்றார்கள். அன்றே மோகன் பகான் பயிற்சியாளர் சஞ்சய் சென் பதவி விலகினார்! ஆனாலும் சீசன் முடிவில் மறுபடி எட்டாவது இடம்தான்.

அந்த அணியில் குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இருந்தார். நந்தகுமார் சேகரும் இந்தக் கிளப்பில் ஆடியவர்தான். பின்னாளில் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலைப் போட்டு கொல்கத்தாவையே ஆட்டி வைத்தாரே, அதே நந்தகுமார்.

2018-19-க்கு சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளிலிருந்து பெட்ரோ மான்சி, சாண்ட்ரோ, நெஸ்டர், எஸ்லாவா. பெரிய பெயர்கள் இல்லை, பெரிய சம்பளமும் இல்லை. இவர்களோடு எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ, ரெஜின் மாதிரி நம்ம பசங்க. பந்தைத் தூக்கி அடிக்காமல் தரையோடு பாஸ் செய்து ஆடுவது அக்பரின் பாணி. முதல் ஆட்டத்திலேயே மான்சி ஹாட்ரிக். இந்தியன் ஆரோஸை 4-1. சீசன் முழுக்க அவர் போட்டது 21 கோல். ஈஸ்ட் பெங்காலை உள்ளூரிலும் வெளியூரிலும் இரண்டு முறையும் வென்றார்கள். கடைசியில் அந்த ஒரு புள்ளியைக் கொடுத்தது இந்த இரண்டு வெற்றிகள்தான் என்பேன்.

இங்கே நாங்கள் பார்த்த பாட்டைச் சொல்ல வேண்டும். கடலடிக் கேபிள் அந்தமானுக்கு வந்தது 2020 ஆகஸ்டில்தான். அதற்கு முன் இன்டர்நெட் எல்லாம் சாட்டிலைட் வழி, வீடியோ என்றால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். 2019 ஜனவரிக்குப் பிறகு எல்லா ஐ-லீக் ஆட்டங்களையும் டி.வி.யில் காட்டவும் இல்லை. ஸ்கோரை மட்டும் பார்த்துக் கைதட்டிய நாட்கள் அவை :-)

சரி, மார்ச் 9-க்கு வருவோம். முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று தோற்று, எல்லாவற்றையும் கடைசி நாளுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். இடைவேளையில் 0-1. இரண்டாம் பாதியில் பெனால்டியில் மான்சி சமன் செய்தார். பிறகு அசாம்காரர் கௌரவ் போரா, கோல் போடுவது தொழிலே இல்லாத டிஃபெண்டர், ஒன்றல்ல, இரண்டு போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கி எழுந்து 2-1 என்று வென்றது. பிரயோஜனமில்லை. 43-க்கு 42.

சந்தோஷம் நீண்ட நாள் நிற்கவில்லை. அடுத்த சீசனிலிருந்து ஐ.எஸ்.எல். தான் நாட்டின் முதல் லீக் என்று ஆனது. ஐ-லீக் சாம்பியன் மேலே ஏறும் வழி 2022-23-ல்தான் திறந்தது. அந்த வாசலில் முதலில் நுழைந்தது, 2017-ல் கூடவே உள்ளே வந்த அதே மினர்வா, பஞ்சாப் எஃப்.சி. என்ற புதுப் பெயரில். சென்னை சிட்டிக்குக் கோப்பை உண்டு, ஏணி இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது நம்பிக்கை வந்தது. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்தைக்கூட சொந்த ஊரில் ஆட முடியவில்லை. 2020 ஜனவரியில் அகமதாபாத்தில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 தோல்வி. அதே மாதம் மான்சி ஜப்பானுக்குப் போனார், நெஸ்டர் அதற்கு முன்பே ஹைதராபாத் பக்கம். மார்ச்சில் மாலத்தீவில் மாசியாவோடு 2-2, உடனே கொரோனா. 2020-21 சீசன் முழுக்க மேற்கு வங்கத்தில், பார்வையாளர் இல்லாத மைதானங்களில் நடந்தது. பட்டத்துக்கான ஆறு அணிகளில் சென்னை சிட்டி இல்லை. 2021-22 அட்டவணையில் பெயரே இல்லை.

அந்த வருஷத்து வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார், ரொமாரியோ கோவாவுக்கு. உள்ளூர்ப் பசங்களுக்குத் திறக்காத கதவு, கோவையில் ஆடிக் காட்டிய பிறகு திறந்தது.