குடந்தை: பெற்றதைக் காத்து வழங்கிய நகரம்

நகரங்கள் பலவகை. கோட்டையைச் சுற்றி எழுந்தவை உண்டு. துறைமுகத்தால் வளர்ந்தவை உண்டு. ஆலைகளின் சங்கொலியில் கண்விழித்தவையும் உண்டு. கும்பகோணமோ ஆற்றுநீர் வகுத்துத் தந்த நகரம். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஊர். அரசலாறும் காவிரியின் கிளையே. தாயாறு பூம்புகாரில் கடலைச் சேர, மகளாறு காரைக்காலில் கடல் புகுகிறது. வடக்கே சற்றுத் தொலைவில் அகன்று விரிந்து ஓடுகிறது கொள்ளிடம்.

இந்த இட அமைப்பே ஊரின் குணத்தையும் அமைத்துவிட்டது எனலாம். காவிரிப் படுகையில் எந்த ஊரும் தன் நீரைத் தானே உண்டாக்கிக் கொள்வதில்லை. குடகு மலையில் பெய்த மழை பல ஊர்களைக் கடந்து இங்கு வருகிறது. வந்த நீரைத் தேக்கி, பயன்கொண்டு, எஞ்சியதைக் கீழே உள்ளவனுக்கு விட வேண்டும். தலைமடைக்காரன் மனம் வைத்தால்தான் கடைமடைக்காரன் அடுப்பில் உலை ஏறும். பெறுவது, காப்பது, வழங்குவது என்னும் இம்மூன்றும் டெல்டாவின் உழவருக்கு அன்றாட ஒழுக்கம். குடந்தையின் வரலாற்றைப் புரட்டினால் இம்மூன்றும் வயலோடு நின்றுவிடவில்லை என்பது விளங்கும்.

காவல் நகரம்

குடந்தை, குடமூக்கு என்பன இவ்வூரின் பழம்பெயர்கள். சோழர் தம் நாடு ஈட்டித் தந்த செல்வத்தைக் குடந்தையில் காவலோடு வைத்திருந்தனர் என்ற செய்தி அகநானூற்றிலேயே வருகிறது. ஆக, இலக்கியத்தில் முதன்முதலாக நம் கண்ணில் படும்போதே இது பிறர் பொருளை நம்பி ஒப்படைக்கத்தக்க ஊராகக் காட்சி தருகிறது.

பிற்காலச் சோழரின் மாளிகைகள் இருந்த பழையாறை இதன் அருகிலேயே உள்ளது. 9ஆம் நூற்றாண்டின் சிற்ப அழகை நாகேசுவரர் கோயிலில் இன்றும் காணலாம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் தாராசுரத்தில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில், 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. நாயக்கர் காலத்தில் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் மகாமகக் குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபங்களை அமைத்தார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாடே திரண்டு வந்து நீராடும் குளம் அது.

மண்ணும் மனிதரும்

காவிரி நீரை மட்டுமா கொண்டுவந்தது? வண்டலையும் கொண்டுவந்தது. அந்த வண்டலில் அகத்தி மரங்களை நட்டு, அவற்றின்மேல் வெற்றிலைக் கொடியைப் படரவிட்டனர் கொடிக்கால் உழவர். 2025ஆம் ஆண்டில் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அதே வண்டல் சுவாமிமலையில் வேறொரு வேலை செய்கிறது. அங்குள்ள ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகுச் சிலை செய்வர். அதன்மேல் ஆற்றின் நுண்ணிய வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறும். வெற்றிடமான அச்சுக்குள் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறிய பின் அச்சை உடைத்தால்தான் சிலை வெளிப்படும். எனவே ஓர் அச்சில் ஒரு சிலைதான். நாச்சியார்கோயில் குத்துவிளக்கும், குடந்தையின் பித்தளைப் பாத்திரமும், சௌராட்டிர நெசவாளரின் கைத்திறனை ஏற்ற திருபுவனம் பட்டும் இவ்வட்டாரத்தின் பெயரைத் தொலைதூரம் கொண்டு சென்றன. எங்கிருந்தோ வந்த நெசவாளரை ஊர் ஏற்றது. அவர்களோ தம் நெசவையே ஊருக்குப் புகழாக்கித் தந்தனர்.

கல்வி என்னும் வாய்க்கால்

1854ஆம் ஆண்டில் பள்ளியாகத் தொடங்கி, 1867இல் கல்லூரியாக உயர்ந்தது காவிரிக் கரையிலுள்ள அரசினர் கல்லூரி. ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று அதனைப் போற்றினர். 1880ஆம் ஆண்டில் அங்குத் தமிழாசிரியராய்ச் சேர்ந்தார் உ. வே. சாமிநாதையர். தியாகராச செட்டியார் தாம் ஓய்வு பெறும்போது, தம் இடத்துக்கு அவரையே பரிந்துரைத்திருந்தார்.

அவ்வாண்டிலேயே, ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்தார். சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்ட கேள்வி தமிழின் வரலாற்றையே திருப்பிவிட்டது. சாமிநாதையரோ சைவ மடத்தில் பயின்றவர்; சிந்தாமணியோ சமண காவியம். விளங்காத இடங்களைத் தெளிந்துகொள்ள அவர் குடந்தையில் வாழ்ந்த சமணர்களின் இல்லங்களை நாடிச் சென்றார். அவர்களும் மனமுவந்து விளக்கினர். 1887இல் நூல் அச்சேறியது. ஒரு சமயத்தார் காத்த செல்வத்தை மற்றொரு சமயத்தார் பெற்றுத் தமிழர் அனைவருக்கும் வழங்கினர்.

சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைச் சூழ்ந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தனர். நம் கத்தோலிக்கச் சான்றோர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவருடைய நண்பர். அவர்மீது மகாவித்துவான் ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். 1876இல் திருவாவடுதுறையில் மகாவித்துவான் உயிர்நீத்த வேளையில், அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணவர். அருகில் சாமிநாதையர் திருவாசகம் ஓதிக்கொண்டிருந்தார். சமய நல்லிணக்கம் என்று நாம் மேடையில் பேசுவதை அவர்கள் ஒரு மரணப் படுக்கையின் அருகே வாழ்ந்து காட்டினார்கள்.

சாரங்கபாணி சன்னதித் தெருவின் சிறு வீட்டில் வளர்ந்த கணித மேதை இராமானுஜனையும் இங்கு நினைக்க வேண்டும். 1904இல் இதே கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் தவிர்ந்த பாடங்களைப் புறக்கணித்ததால் உதவித்தொகையை இழந்தார். மேதையைப் பெற்ற ஊரும் சிலவேளை அவனைக் காக்கத் தவறுகிறது.

ஆறுகளின் மறைமாவட்டம்

1899ஆம் ஆண்டில் புதுவை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து குடந்தை மறைமாவட்டம் உருவாயிற்று. முதல் ஆயர் பொத்தேரோ. மறைமாவட்டத்தின் எல்லை காவிரியையும் கொள்ளிடத்தையும் தழுவிச் செல்கிறது. கொள்ளிடத்தின் வடகரையில் வீரமாமுனிவர் அடைக்கல அன்னைக்குக் கோயில் கண்ட ஏலாக்குறிச்சி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பூண்டி. இத்தாலியில் 1680ஆம் ஆண்டில் பிறந்த வீரமாமுனிவர் இம்மண்ணின் மொழியைப் பெற்று, ‘தேம்பாவணி’யாகத் திருப்பித் தந்தார். பூண்டிக்கு இன்று பிற சமயத்தாரும் வேண்டுதலோடு வருகின்றனர். நற்செய்தியும் இங்கு வாய்க்கால் வழியாகவே பாய்ந்தது போலும்!

காவல் தவறிய இடங்கள்

புகழை மட்டும் பாடினால் வரலாறு நிறைவுறாது. ஆறு எல்லாருக்கும் ஓடியது. ஆயினும் படித்துறைகளும் குளக்கரைகளும் எல்லாருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. இதைச் சொல்லும்போது, தமிழகத்து ஆலயங்கள் பலவற்றில் சாதியின் பெயரால் இடம்பிரித்து இறைமக்களை அமர்த்திய காலத்தையும் நாம் மறைக்கலாகாது. நீரைத் தடுத்தவன் பாவி என்றால், மனிதனைத் தடுத்தவனை என்னென்பது?

1992ஆம் ஆண்டு மகாமகத்தன்று நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் மடிந்தனர். 2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் நேர்ந்த பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் கருகினர். இரு ஆறுகள் காக்கும் ஊரில், கூரைக்கீற்றில் பற்றிய நெருப்பிலிருந்து அந்தப் பிஞ்சுகளைக் காக்க முடியாமற் போயிற்று. குழந்தைகள் பெற்றோரால் ஒப்படைக்கப்பட்டவர்கள். காவலோடு செல்வத்தை வைத்த ஊர் என்று சங்கப் புலவர் போற்றிய குடந்தைக்கு இதைவிடப் பெரிய துயரம் இல்லை.

ஆறுகளின் நிலை என்ன? 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் கரையுடைத்த காவிரி அது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின், அணைதிறக்கும் நாளை எண்ணி டெல்டா வாழ்கிறது. சூன் 12 என்று நாட்காட்டியில் குறித்த தேதியிலேயே நீர் வரும் என்று எல்லா ஆண்டும் நம்ப இயலவில்லை. மேலே உள்ளவர்கள் தரவில்லையே என்று நாம் முறையிடுகிறோம். அம்முறையீட்டில் நியாயமும் உண்டு. ஆனால், வந்த நீரை நாம் எப்படிப் பேணினோம்? ஆற்றிலிருந்து குளங்களுக்கு நீர் கொண்டுவந்த வாய்க்கால்கள் பல தூர்ந்தும், கட்டடங்களுக்கு அடியில் மறைந்தும் போயின. ஆக்கிரமிப்புகளை அகற்றக் கோரி உயர்நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றன. ஆற்று மணலை அள்ளினோம். கழிவுநீரை ஆற்றில் விட்டோம். கீழே உள்ளவனுக்கு நாமே மேலே உள்ளவர்கள் என்பதை மறந்தோம்.

2015ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலில், திருத்தந்தை பிரான்சிஸ் தூய குடிநீரை மனிதரின் அடிப்படை உரிமை என்றார். கடைமடை உழவர் இதனை முன்பே அறிந்தவர்கள்.

1866இல் நகராட்சியான கும்பகோணம் 2021இல் மாநகராட்சியாயிற்று. அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அன்று குளம் நிரம்பும். அதற்கான ஏற்பாடுகளை அரசு செய்துவிடும். மற்ற நாட்களில் குளமும் வாய்க்காலும் நிரம்புமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறது. நம் ஆலய வளாகத்தை ஒட்டி ஓடும் வாய்க்காலைத் தூர்வாருவதும், அதில் குப்பை கொட்டாதிருப்பதும் சிறு செயல்கள்தாம். ஆனால் கடைமடைக்கு நீர் போய்ச் சேர்வது இத்தகைய சிறு செயல்களால்தான். ஒப்படைக்கப்பட்டதைக் காத்து அடுத்தவருக்கு வழங்குவோம். குடந்தை தன் பழம்பெயருக்கு மீண்டும் உரியதாகும்.