காலுக்கடியில் ஒரு குகை: கோலாலம்பூரின் நிலத்தடி வரலாறு



பத்துமலையின் 272 படிகளை ஏறிச் செல்லும் நாம், குகையின் உயர்ந்த கூரையை அண்ணாந்து பார்த்து வியக்கிறோம். 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அதே சுண்ணாம்புப் பாறைதான் கோலாலம்பூர் நகரின் பெரும்பகுதிக்கு அடியிலும் பரந்து கிடக்கிறது. மலையில் குகை உண்டு என்றால், மண்ணுக்குள் மறைந்த பாறையிலும் குகை இருக்கத்தானே செய்யும்? அதனைத் தோண்டாமலே காண மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றை இங்குக் காண்போம்.

கரையும் பாறை

மழைநீர், காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அந்நீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அவற்றைச் சிறுகச் சிறுகக் கரைத்துப் பொந்துகளாகவும் குகைகளாகவும் ஆக்குகிறது. இத்தகைய நிலத்தைக் 'கார்ஸ்ட்' என்பர். சுலோவேனியா நாட்டுப் பீடபூமி ஒன்றின் பெயரிலிருந்து தோன்றிய சொல் இது.

1857-இல் அம்பாங்கில் வெள்ளீயம் தோண்டத் தொடங்கினர். பின்னாளில் நீரைப் பீய்ச்சி மணலை அகற்றிய சுரங்கங்களில், ஈட்டிகளைப் போல நின்ற பாறைக் கூர்முனைகள் வெளிப்பட்டன. நிலத்தடிப் பாறையின் உண்மை வடிவத்தைக் கண்ணாரக் கண்டவர்கள் அச்சுரங்கத் தொழிலாளர்களே.

மின்சாரமும் ஈர்ப்பும்

1912-இல் பிரெஞ்சு அறிஞர் கொன்ராட் சுலும்பெர்கர், நார்மண்டியில் நிலத்துக்குள் மின்சாரத்தைச் செலுத்தி அதன் பரவலை வரைபடமாக்கினார். 1915-இல் அமெரிக்கர் பிராங்க் வென்னர், நான்கு மின்முனைகளைக் கொண்டு மண்ணின் மின்தடையை அளக்கும் முறையை விளக்கினார். ஈரக் களிமண் மின்சாரத்தை எளிதில் கடத்தும்; திண்ணிய சுண்ணாம்புப் பாறை தடுக்கும்; காற்று நிறைந்த குகையோ அதனினும் மிகுதியாகத் தடுக்கும். இந்த வேறுபாடே நிலத்தடிப் படத்திற்கு அடிப்படை.

அளவீடுகளைப் படமாக மாற்றும் கணக்கு மிகக் கடினமானது. 1996-இல் பார்க்கர் என்பவருடன் இணைந்து, அதனை விரைவாகச் செய்யும் முறையை வெளியிட்டவர் பினாங்கைச் சேர்ந்த லோக் மெங் ஹெங். அவர் உருவாக்கிய கணினி நிரல் உலகெங்கும் பயன்படுகிறது. மலேசியர் ஒருவரின் பங்களிப்பு இது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மற்றொரு முறை துயரத்தால் வலுப்பெற்றது. 1962 திசம்பர் 12 அன்று, தென்னாப்பிரிக்காவின் வெஸ்ட் டிரீஃபோன்டைன் தங்கச் சுரங்கத்தில், கல்லுடைக்கும் ஆலை ஒன்று திடீரெனத் திறந்த பள்ளத்தில் மூழ்கியது. 29 பேர் மாண்டனர். சுண்ணாம்புப் பாறையின் உறவான டோலமைட்டுப் பாறை அங்கு அடியில் இருந்தது. சுரங்கத்திற்காக நிலத்தடி நீரை இறைத்ததே நிலத்தைக் குலைத்தது. அதன்பின் அவ்வட்டாரத்தில் ஈர்ப்பு விசையை அளந்து, நிலத்தின் வலுவற்ற பகுதிகளை வரைந்தனர். வெற்றிடத்திற்கு மேலே ஈர்ப்பு மிகச் சிறிதளவு குறையும். புவியீர்ப்பில் நூறு கோடியில் சில பங்கு மாறினாலும் இன்றைய கருவிகள் காட்டிவிடும்.

நம் நகரில்

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்திற்கு முதலில் குறித்த இடத்தைத் துளையிட்டு ஆராய்ந்தபோது, அடியில் பாறை செங்குத்தாகச் சரிவது தெரிந்தது. ஒரு பகுதி பாறையிலும் மறுபகுதி மண்ணிலும் நின்றால் கட்டடம் சாயும். எனவே இடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் நகர்த்தினர். 2007-இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கத்திற்குத் துளையாய்வுகளோடு புவி இயற்பியல் ஆய்வுகளும் துணைநின்றன. ஆயினும், 13.2 மீட்டர் விட்டமுள்ள எந்திரம் குடைந்து சென்றபோது மேலே சில இடங்களில் நிலம் உள்வாங்கத்தான் செய்தது.

ஏன்? துளையாய்வு ஒரு புள்ளியை மட்டுமே காட்டும். இரு துளைகளுக்கு நடுவே ஒரு குகை ஒளிந்திருக்கலாம். மின்தடைப் படம் அந்த இடைவெளியை நிரப்பும். ஆனால் களிமண் நிறைந்த பொந்தும் நீர் நிறைந்த பொந்தும் அப்படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்று ஐயத்தை எழுப்ப, மற்றொன்று அதனைத் தீர்க்க வேண்டும். இரண்டும் தேவை.

2024 ஆகஸ்டு 23 அன்று, நம்மவர் நாளும் நடமாடும் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி ஏறத்தாழ 8 மீட்டர் ஆழப் பள்ளத்தில் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. நிலத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கருவிகளும் அப்பொழுது கொண்டுவரப்பட்டன.

நகரில் தோன்றும் பள்ளங்கள் அனைத்திற்கும் சுண்ணாம்புப் பாறையே காரணம் என்று கூறிவிட முடியாது; பழங்குழாய்களின் கசிவும் மண்ணை அரிக்கும். எதனால் நேர்ந்தாலும், நிலத்தடியைக் காணும் கருவி உயிர் போன பின் வருவதைவிட, சாலைக்கும் கட்டடத்திற்கும் அடிக்கல் நாட்டுமுன் வருவதே அறிவுடைமை. 1962-இல் 29 உயிர்கள் கற்பித்த பாடம் அதுவே.