மழை ராத்திரியில் வந்த குப்பை

இன்னைக்கு 1988-க்குப் போறோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், மேடிசன் நகரம். இடி மின்னலோட மழை கொட்டுற ஒரு ராத்திரி. பேராசிரியர் பார்ட்டன் மில்லர் வீட்டிலிருந்தே டெலிபோன் லைன் வழியா பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார். மழையால லைன்ல இரைச்சல். அவர் டைப் பண்றதுக்கு நடுவுல குப்பை எழுத்துகள் வந்து விழுது.

இரைச்சல் அவருக்குப் புதுசு இல்லை. ஆனா அந்தக் குப்பை உள்ளே போனதும், தினமும் எல்லாரும் பயன்படுத்துற யூனிக்ஸ் கருவிகள் 'இன்புட் தப்பு'ன்னு சொல்லாம, அப்படியே கிராஷ் ஆச்சு. அதுதான் அவரை யோசிக்க வெச்சது.

நானா இருந்தா மோடத்தைத் திட்டிட்டுத் தூங்கப் போயிருப்பேன். மில்லர் அதை மாணவர்களுக்கு ப்ராஜெக்டாகக் கொடுத்தார். இஷ்டத்துக்கு எழுத்துகளை உற்பத்தி பண்ற ஒரு புரோகிராம். அந்தக் குப்பையை ஒவ்வொரு கருவிக்குள்ளும் கொட்டணும். கிராஷ் ஆகுதா, ஹேங் ஆகுதான்னு பார்க்கணும். பெயர் 'ஃபஸ்'. வேணும்னே கோளாறை உள்ளே தள்ளி மென்பொருளின் உறுதியைச் சோதிக்கும் ஃபால்ட் இன்ஜெக்‌ஷன் குடும்பத்துல இதுவும் ஒண்ணு. 1990-ல் முடிவு வெளியானது: சோதித்த கருவிகளில் சுமார் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விழுந்திருந்தது.

காரணம் பெரும்பாலும் சின்ன அலட்சியம்தான். உதாரணமா சி மொழியின் 'கெட்ஸ்' ஃபங்ஷன். வர்ற வரி எவ்வளவு நீளம், இடம் இருக்கான்னு பார்க்காமலே வாங்கிக்கும். அதே 1988 நவம்பர் 2-ல் மோரிஸ் வார்ம் இணையத்தில் பரவியபோது, அது நுழைந்த வழிகளில் ஒன்று 'ஃபிங்கர்' சேவையில் இருந்த இதே கெட்ஸ் ஓட்டை. அதாவது, இன்னைக்கு கிராஷ் ஆகுற இடம், நாளைக்குத் திருடன் நுழையற வாசல்.

1995-ல் மில்லர் குழு மறுபடி சோதித்தது. கருவியையும் பிழை விவரங்களையும் இலவசமாகக் கொடுத்திருந்தும், பழைய பிழைகள் பல அப்படியே இருந்தன. காசுக்கு விற்ற யூனிக்ஸ்களில் 15 முதல் 43% கருவிகள் விழுந்தன. இலவச குனூ கருவிகளில் விழுந்தது சுமார் 7%.

என் முதல் வேலையில் முகவரி வாங்குற ஒரு ஃபார்முக்குக் கோடு எழுதினேன். எல்லா டெஸ்ட்டும் பாஸ். ஒருத்தர் முகவரியில ஒரு எமோஜி போட்டார். ராத்திரி சர்வீஸ் படுத்துடுச்சு. கோடு எழுதினதும் நான், டெஸ்ட் எழுதினதும் நான். ரெண்டுலயும் ஒரே மறதி. மழைக்கு அந்த மறதி கிடையாது.

இந்த வாரம் உங்க கோடுக்குள்ள கொஞ்சம் குப்பையைக் கொட்டிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.